வண்டில் அச்சும் முழங்காலும்

முப்பது வயதில் புயம் பருக்க வேண்டுமென்று வீட்டு உரலைத் தினமும் தூக்கி, கழுத்துப் பிடித்து, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிய மடையன் நான். விசுவமடுவில் ஏறிய கணவனும் மனைவியும் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கதவு அகலத்தில் மார்பு, நடை மட்டும் நொண்டல்.

“இருபது வருசமா ஒவ்வொரு நாளும் தேகப்பயிற்சி எண்டு வண்டில் அச்சைத் தூக்கினதை டொக்டரிட்டைச் சொல்லுங்கோ,” என்றார் மனைவி.

“சொன்னால் இனித் தூக்காதை எண்டெல்லோ சொல்லுவார்.”

“தூக்கித்தானே முழங்கால் தேஞ்சது! சேத்திலை வண்டில் புதைஞ்சாலும் உங்களைத்தான் கூப்பிடுகினம். நெல்லு மூட்டையை இறக்கிப்போட்டுத் தள்ள ஒருத்தருக்கும் ஏலாதோ?”

“மூட்டையை இறக்கினால் என்னை ஏன் கூப்பிடப் போகினம்?”

“நேற்றுக் கிணத்தடியிலை குந்தின பயில்வானை நானெல்லோ தூக்கி விட்டனான்!”

“மெல்லக் கதையும், சனம் கேக்குது.”

“கேக்கட்டும். அடுத்த மாதம் விதைப்பு. கால் மடங்காட்டி வயலுக்கை ஆர் இறங்கிறது?”

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“சரி, சொல்லுறன். பத்து வருசம் எண்டு சொல்லுறன்.”

“இருபது.”

“சரியப்பா, இருபது.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “அண்ணை, தூக்கத் தொடங்கி எத்தினை மாதத்திலை புயம் பருத்தது?” என்று கேட்டேன்.

மனைவிதான் திரும்பினார்.

“தம்பி, நீங்கள் எங்களுக்கு முன்னாலை போய் டொக்டரைப் பாருங்கோ.”