வாரம் ஒரு இன்ச் வளர்ந்த பொண்ணு

மறுபடியும் அதே பேர்தான் வருதா? நல்லாப் பாத்தீங்களா சார்? இன்னொரு தடவை வேணா தட்டிப் பாருங்களேன். ஏன் இப்படிப் பேயைப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க? சரி, என்கிட்ட சொல்ல வேண்டாம். நான் முன்னாடி உக்காந்து போன் எடுக்கிறவ, எனக்கென்ன தெரியும். முதலாளிகிட்டயே சொல்லிக்குங்க. பேங்க் வரைக்கும்தான் போயிருக்காரு, இதோ வந்துடுவாரு. அதுவரைக்கும் டீயைக் குடிங்க. அய்யய்யோ, போச்சு, பிஸ்கட் உள்ள விழுந்துடுச்சா? இந்தாங்க ஸ்பூன். பரவாயில்ல, எடுத்துத்தான் வெச்சிருந்தேன்.

போன வாரம் உங்களைக் கூப்பிட்டு என்ன சொன்னாரு? யாரு எதை மாத்துனாலும், எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து மாத்துனாங்களோ அது பேரு தானா பதியணும். அவ்வளவுதானே? என்னத்தை மாத்துனாங்கன்னு சொன்னாரா? சொல்லமாட்டாரு, மானம் போயிடும்ல. ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் வரன் பாத்துக் குடுக்கிற மனுஷன், என் பொண்ணுக்கே ஒண்ணும் அமையலன்னு எப்படி வாயைத் திறப்பாரு?

ஆமா சார், அவரு பொண்ணோட பதிவுதான் அது. பேரு கிடையாது, போட்டோ கிடையாது, வெறும் நம்பர். கேட்டு வர்றவங்களுக்கு மட்டும் போட்டோவை பீரோவுல இருந்து எடுத்துக் காட்டுவாரு. அவ்வளவு பத்திரம்!

முதல்ல உயரத்துலதான் ஆரம்பிச்சுது. அஞ்சடி ரெண்டு இன்ச் பொண்ணு, வாரத்துக்கு ஒரு இன்ச்சா வளர்ந்தா. சும்மா சொல்லக் கூடாது, ஒரு வாரம் தவறல. ஆறடியைத் தாண்டினப்போ ஒரு மாப்பிள்ளையோட அம்மா போன் பண்ணாங்க, ஏம்மா, எங்க வீட்டு ஃபேன் அந்தப் பொண்ணு தலையில இடிக்காதான்னு. நான்தான் எடுத்தேன். உக்காந்தா இடிக்காதுங்கன்னேன். டக்குனு வெச்சுட்டாங்க.

சிரிக்காதீங்க, இன்னும் கேளுங்க. சமையல்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல, வெந்நீர் நன்றாக வைப்பாள். குணம், பகல் பதினொரு மணிக்கு மேல் பொறுமைசாலி. பொழுதுபோக்கு, பாடுவாள், நிறுத்தச் சொன்னால் கோபம் வரும். முதலாளி இதையெல்லாம் பாக்காமலே அஞ்சு வீட்டுக்கு அச்சடிச்சுக் குடுத்துட்டாரு! அதுல நாலு பேரு ஓடுன ஓட்டம் இருக்கே!

விஷயம் தெரிஞ்சதும் ஆபீஸே அதிர்ந்துச்சு. யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சுடுவேன்னு குதிச்சாரு. சந்தேகம் யாரு மேல? பாவம், டைப் அடிக்கிற அக்கா மேல. அவங்களுக்கு ஒரு விரல்ல தட்டவே நேரம் பத்தாது, அவங்க எங்க குறும்பு பண்றது? ரெண்டு நாளா அழுதுகிட்டே டைப் அடிக்கிறாங்க. அவங்க மாட்டக் கூடாது சார், அது மட்டும் நடக்கவே கூடாது.

அப்ப யாருன்னு கேக்குறீங்களா? இருங்க, சொல்றேன். நாலு பேரு ஓடிட்டாங்கல்ல, அஞ்சாவது ஆளு மட்டும் அசரல. டைல்ஸ் கடை வெச்சிருக்காராம். ஆறடின்னா ரொம்ப நல்லதாப் போச்சு, பரண்ல இருக்கிறதை எடுக்க ஏணி வேண்டாமேன்னு சொல்லிட்டாராம். அந்த ஆளை வெச்சுக்கிட்டு என்ன பண்றது சொல்லுங்க? நாளைக்குச் சாயங்காலம் பேசி முடிக்க வர்றாங்க. அந்தப் பொண்ணு நேத்து ராத்திரி ஒரு வாய் சாப்பிடல. பயந்து போய்க் கிடக்குறா.

எனக்கெப்படித் தெரியுமா? அதெல்லாம் காதுக்கு வந்துடும்.

வேண்டாம்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேங்கிறீங்க. சொன்னா சார். அப்ப யாரு உன் மனசுல இருக்கிறதுன்னு முதலாளி ஒரே கேள்விதான் கேட்டாரு. அவ என்னன்னு சொல்லுவா? அவ மனசுல இருக்கிறவருக்கே அது தெரியாதே! மாசத்துக்கு ரெண்டு தடவை வருவாரு, குனிஞ்ச தலை நிமிராம கீபோர்டோட குடும்பம் நடத்திட்டுப் போயிடுவாரு. படிச்ச மக்கு. அவரு வரணும்னா ஆபீஸ்ல ஏதாவது கெட்டுப் போகணும். அவளும் எத்தனை நாளைக்குத்தான் பிரிண்டர் ஒயரைப் பிடுங்கி விடுவா?

சரி, இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். இங்க இருக்கிறது மூணே கம்ப்யூட்டர். முதலாளி ரூம்ல ஒண்ணு, என் மேஜையில ஒண்ணு, அக்காகிட்ட ஒண்ணு. உங்களுக்கு வந்தது இந்த மூணுல எதுவும் இல்ல. உங்க லேப்டாப் பேருதானே?

பாத்தீங்களா, காது சிவந்துடுச்சு! கையைக் கழுவிட்டு வர்றேன்னு போனீங்கல்ல, திறந்தபடியே வெச்சுட்டுப் போனீங்க. நம்ம ப்ரோக்ராமும் திறந்துதான் இருந்துச்சு, நான் உக்காந்து தட்டிட்டேன். பூட்டிட்டுப் போக மாட்டீங்களா? கம்ப்யூட்டர்காரரு வேற.

இப்ப அந்தப் பதிவைத் திறங்க. உயரம் எவ்வளவு போட்டிருக்கு? அஞ்சடி ரெண்டு. சமையல், சுமாராக வரும். அது நிஜம். எல்லாத்தையும் உள்ளபடி எழுதியாச்சு, ஒரு பொய் கிடையாது. மாப்பிள்ளை எப்படி இருக்கணும்னு கடைசியில ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதைப் படிங்க. வாய்விட்டு வேண்டாம், அக்கா உக்காந்திருக்காங்க.

ஆமா. பிஸ்கட்டை டீயில் போட்டுவிட்டு ஸ்பூன் தேடுபவராகத்தான். வேற யாரு சார் இருக்கா அப்படி?

ஏதாவது பேசுங்களேன். இவ்வளவு நேரம் நான் மூச்சு விடாமப் பேசிட்டேன். பிடிக்கலன்னா சொல்லிடுங்க, அழிக்கிற பட்டன் உங்களுக்குத் தெரியாததா? நாளைக்கு டைல்ஸ் கடைக்காரருக்கு நானே டீ எடுத்துட்டுப் போறேன்.

எதுக்கு இந்தத் தலையாட்டல்? அழிக்கிறேன்னா, அழிக்க மாட்டேன்னா?

அப்பாடா.

இருங்க, வண்டிச் சத்தம் கேக்குது. எந்தக் கம்ப்யூட்டர்னுதான் முதல்ல கேப்பாரு. அக்கா பேரு வரவே கூடாது. உங்க லேப்டாப்தான்னு உண்மையைச் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். சட்டையில பிஸ்கட் தூள், தட்டி விடுங்க. ம், இப்ப சரி.

வாங்க அப்பா. சாருக்கு உங்ககிட்ட ஏதோ பேசணுமாம்.