மூக்குக்குத் தெரியாத வாசம்

உங்கள் நாற்காலியில் தொங்கும் கம்பளிச் சட்டையின் கையைப் பூச்சி அரித்திருக்கிறது, ஐயா. சலவைக் கடையிலேயே தலை நரைத்தவன் நான். கண் முதலில் அங்கேதான் போகிறது.

அதற்கு அந்துருண்டைதான் மருந்து. நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது. உருகாது, துணியை நனைக்காது, அப்படியே கரைந்து காற்றாகிவிடும். ஜன்னலைத் திறந்தால் அந்தக் காற்றும் ஒரு பகலில் சிதைந்து இல்லாமல் போகும். பெட்டியில் போட்டு மூடினால் மட்டும் துணிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

கணவனை இழந்த என் தங்கை கைக்குழந்தையோடு வந்து சேரும்வரை வீட்டில் நான் பேசியதெல்லாம் ரேடியோவோடுதான். என்மேல் வீசும் அந்துருண்டை வாசத்துக்கு, "மாமா வர்றதுக்கு முன்னாடியே பீரோ வந்துடுச்சு பாரு" என்று மகனிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே கடையைப் பூட்டியதும் ஓடி வருவேன்.

ஒருமுறை பையனுக்கு உடம்பு மஞ்சளாகிச் சிறுநீர் கறுத்தது. ரத்தத்தில் பிறவிக் குறை என்றார் டாக்டர். "அந்துருண்டை வாசமே இவனுக்கு ஆகாது. வீட்ல ஒண்ணுகூட இருக்கக் கூடாது." அன்றே வீட்டில் இருந்ததையெல்லாம் தூக்கி எறிந்தேன். பையனும் தேறினான்.

பிறகு தங்கைக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. "எத்தனை நாளைக்குத்தான் உனக்குப் பாரமா இருக்கிறது, அண்ணா?" என்றாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பையனின் போர்வையை வெளுத்துத் தருவதாகச் சொல்லிக் கடைக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த உருண்டைகளோடு பெட்டியில் மூடிவைத்தேன். கொஞ்சம் உடம்பு படுத்தும், பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என் எண்ணம். தள்ளித்தான் போனது. அவன் தேறியதும் அவள் மறுபடி துணிமணிகளை எடுத்து வைத்தாள். நானும் மறுபடி போர்வையை எடுத்தேன்.

கொடுக்குமுன் முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அந்த வாசத்திலேயே கிடந்து மரத்துப்போன மூக்கு. தங்கையும் பீரோ கேலியை விட்டு வெகுநாளாகியிருந்தது. என்னோடு இருந்து இருந்து அவளுக்கும் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் போர்வையைப் பிரித்த நர்ஸுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

பையன் பிழைக்கவில்லை. அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. தங்கை என் தோளில் சாய்ந்து, "இனிமே நான் எங்கே போவேன், அண்ணா?" என்று அழுதாள். எங்கேயும் போகாதே என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

நான்தான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சீக்கிரம் என்னை வீட்டுக்கு அனுப்பினால் நல்லது. அங்கே அவள் தனியாக இருக்கிறாள்; அது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும்.