சுவரில் ஒட்டியிருந்த வசந்தி

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்துவது வசந்தி. தூரத்தில் பீரங்கி குத்தும் சத்தம். பிறகு செல்லின் கூவல். நான் தையல் மெசினுக்குக் கீழே கிடக்கிறேன். கூரைத் தகரம் கிழிகிறது. காது அடைக்கிறது. வாய் நிறைய மண். நான் எழுந்தேன். வசந்தி எழவில்லை.

2009, மாசி மாதம். காலை. புதுக்குடியிருப்புக்கு வெளியே, போராளிகளுக்குச் சீருடை தைக்கும் கொட்டில். ஆண்கள் களத்தில் இருந்தார்கள். வேலைக்குப் பெண்கள் வேண்டுமென்று சுவரெல்லாம் சுவரொட்டி. மெசினில் குனிந்திருக்கும் ஒருத்தி. மேலே, 'சகோதரியே, உன் கையும் வேண்டும்.' அந்த முகம் வசந்தியுடையது. ஓவியர் கொட்டிலுக்கு வந்து அவளைப் பார்த்துத்தான் வரைந்தார். மூக்கைப் பெரிதாக்கிவிட்டார் என்று அவள் சண்டை பிடித்தாள். அந்தப் படத்தைப் பார்த்துப் பலர் வேலைக்கு வந்தார்கள். என் தங்கை ரூபியும் வந்தாள்.

அன்று செத்தவர்களைப் பதுங்குகுழியிலேயே மூடினோம். வசந்தி. ரூபி. இன்னும் மூவர். அழவில்லை. உடனே புறப்பட்டோம். வசந்தியின் அம்மாவும் எங்களோடு வந்தார். சந்திச் சுவரில் சுவரொட்டி. அவர் நின்றுவிட்டார். நகத்தால் சுரண்டினார்.

"வாங்கோ அம்மா! செல் வருது!"

"பொறு பிள்ளை. அவளின்ரை வேறை படம் என்னட்டை இல்லை."

பசை இறுகியிருந்தது. படம் கிழிந்தது. ஒரு கண்ணும் கன்னமும் மட்டும் வந்தன. மடித்துச் சட்டைக்குள் வைத்தார். கழுத்தளவுத் தண்ணீரில் கடல்நீரேரியைக் கடந்தோம். அக்கரையில் எடுத்துப் பார்த்தார். கூழாகிவிட்டது. வீசவில்லை. பொத்திய கையோடு முகாம்வரை வந்தார். அங்கே காய்ச்சலில் செத்தார்.

இப்போது பாரிஸ், லா சப்பல். பெர்தொனே தெருவில் ஒரு சாறிக்கடைக்குச் சட்டை தைக்கிறேன். வீடு புறநகரில், சார்செல். போன கிழமை மெத்ரோ சுவரில் ஒரு கண்காட்சி விளம்பரம். உலகப் போர்க் காலத்தில் பெண்களை ஆலை வேலைக்கு அழைத்த சுவரொட்டிகளாம். மடித்துவிட்ட சட்டைக்கை. சிவந்த உதடு. சிரிக்கிறாள். மகள் போனில் படம் எடுத்தாள்.

"த்ரே பெல்! நல்ல வடிவு! அம்மா, நீங்களும் சண்டைக்குள்ளை உசீனிலை வேலை செய்தனீங்களோ?"

"ஓம்." உசீன் என்று அவள் சொல்வது ஆலையை.

"பயமா இருக்கேல்லையோ?"

ரயில் வந்தது. ஏறினோம். பதிலை இங்கே எழுதுகிறேன்.

கொட்டிலில் பதினான்கு பெண்கள் இருந்தோம். ஐந்து பேர் அன்று. ஆறு பேர் பிறகு, வழியில். மிச்சம் மூவர். நான். பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் ஒருத்தி. ஊரில் ஒருத்தி, இடது கால் இல்லை. மெசின்கள் எல்லாம் போயின. வசந்தியின் தாய். என் தங்கை. தங்கைக்குப் பத்தொன்பது வயது.