காவேரி கையில் கொடுத்த தகரம்

1971-ஆம் வருடம் ஏப்ரல் மாதம், அரூர் கோர்ட்டில், சாட்சி மாதம்மாள் வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

என் பெயர் மாதம்மாள். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பாப்பிரெட்டிப்பட்டியை அடுத்து, சித்தேரி மலையடியில் உள்ள காட்டுக்கொட்டாயில் குடியிருக்கிறேன். விவசாயம். என் புருஷன் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன். (சாட்சி மறுத்ததால், இறந்துபோன கணவர் பெயர் பச்சியப்பன் என்று ஊர் மணியக்காரர் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது.) ஸ்டேஷனில் கேட்டபோது காவேரி அந்தப் பெயரைப் பளிச்சென்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

காவேரி என் புருஷனின் இரண்டாம் சம்சாரம். கம்பைநல்லூர்க்காரி. என் சம்மதத்தின் பேரில் கட்டிக்கொண்டாரா என்று கேட்கிறீர்கள். தாலி கட்டிக் கூட்டிவந்து வாசலில் நிறுத்திய பிறகு சம்மதம் கேட்டார். நான் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வது.

பங்குனி மாதம் மலையில் இலுப்பைப் பூ உதிரும். அதைப் பொறுக்கிக் காயவைத்து, வறுத்து இடித்துத் தின்போம். கரடிக்கும் அந்தப் பூ என்றால் உயிர். அதனால் எங்கள் பக்கத்தில் யாரும் தனியாகப் போவதில்லை. ஒருவர் பொறுக்கினால் ஒருவர் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் இருக்கும்வரை கரடி ஒதுங்கி நிற்கும். சத்தம் நின்றால் ஆள் போய்விட்டது என்று பூவுக்கு வந்துவிடும். தட்டுகிறவர் எச்சில் விழுங்கக்கூட நிறுத்தக் கூடாது. கல்யாணமான வருஷத்திலிருந்து எங்கள் வீட்டுத் தகரத்தைத் தட்டியவள் நான். என் புருஷன் முதுகைக் காட்டிக் குனிந்து பொறுக்குவார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை.

சம்பவத்தன்று விடிந்ததும் மூன்று பேரும் மலை ஏறினோம். பாதி வழியில் காவேரி காலில் முள் தைத்துவிட்டது என்று உட்கார்ந்தாள். என் புருஷன் அவள் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து முள்ளை எடுத்தார். அந்த முள்ளை நான் பார்க்கவில்லை. எனக்கும் இத்தனை வருஷத்தில் எவ்வளவோ முள் தைத்திருக்கிறது, நானேதான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு இலுப்பை மரத்தடிக்குப் போனதும், "காவேரியால குனிஞ்சு பொறுக்க முடியாது. தகரத்த அவகிட்டக் குடு" என்று என்னிடம் சொன்னார். கால் முள்ளுக்கும் குனிவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கொடுத்துவிட்டேன். வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

அதன் பிறகு நான் கூடையை எடுத்துக்கொண்டு பாறைக்கு அந்தப் பக்கம் இருந்த மரத்துக்குப் போய்விட்டேன். அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு பொறுக்க எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் தகரம் கேட்டது. பிறகு என் புருஷன் தண்ணீர் கேட்டது காதில் விழுந்தது. "இதோ வர்றேன் மாமா" என்றாள் அவள். தகரம் நின்றது. பிறகு சிரிப்புச் சத்தம். "அடியே, தட்டு" என்று குரல் கொடுக்க வாய்வரை வந்தது. கொடுக்கவில்லை. நான் கூப்பிட்டால், ஒட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தாள் என்று நினைப்பார்கள்.

அதன் பிறகு கத்தல் கேட்டுப் பாறையைச் சுற்றி ஓடினேன். கரடி என் புருஷனைக் கீழே தள்ளி மேலே படுத்திருந்தது. காவேரியைத் தள்ளிவிட்டு அவர் முன்னால் நின்றிருக்க வேண்டும், அவள் தூரமாக விழுந்து கிடந்தாள். மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் எழுந்து ஓடிப்போவாள் என்று பார்த்தேன். ஓடவில்லை. தகரத்தாலேயே கரடியின் மண்டையில் அடித்தாள். அது விடாமல் போகவே, என் புருஷன் இடுப்பிலிருந்து விழுந்து கிடந்த கொடுவாளை எடுத்து வெட்டினாள். முதல் வெட்டு கரடியின் முதுகில். அடுத்த வெட்டுக்கு அது புரண்டுவிட்டது, என் புருஷன் தோளில் விழுந்தது. அதன் பிறகுதான் கரடி புதருக்குள் ஓடியது. அவர் தோளில் இருந்த வெட்டுக் காயம் இப்படித்தான் வந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

காவேரி வேண்டுமென்றே வெட்டினாள் என்று புகார் கொடுத்திருப்பவர் என் புருஷனின் அண்ணன் தீர்த்தகிரி. நேற்று சாயங்காலம் என்னிடம் வந்து, "நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம் மாதம்மா. நான் பாக்கலீங்கன்னு மட்டும் சொல்லு. அவ உள்ள போயிட்டான்னா வூடும் காடும் உனக்குத்தான்" என்றார். ராத்திரி பூராவும் அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றதுபோல அவள் நிற்கவில்லை. அதை மாற்றிச் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் மேல் பிரியம் வைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

கரடி ஓடிய பிறகு நடந்தது இது. காவேரி அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் போய் உட்காரப் போனேன். அவர் கண்ணைத் திறந்து அவளிடம், "தகரத்த மாதுகிட்டக் குடு" என்றார். மாது என்பது நான். வேறு எதுவும் பேசவில்லை. புதரில் கரடி உறுமிக்கொண்டுதான் இருந்தது. நான் தகரத்தை வாங்கிக்கொண்டு தள்ளி நின்று, புதரைப் பார்த்தபடி தட்டினேன். கீழே மாடு மேய்த்தவர்கள் சத்தம் கேட்டு வரும்வரை நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை. என் புருஷனுக்கு எப்போது உயிர் போனது என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அது அவளுக்குத்தான் தெரியும்.

நசுங்கிய தகரத்தைப் போலீசார் சாட்சிப் பொருளாக எடுத்து வைத்திருக்கிறார்கள். கேஸ் முடிந்ததும் தனக்கு வேண்டும் என்று காவேரி கேட்டிருப்பதாக அறிகிறேன். அவளுக்குக் கொடுக்கக் கூடாது. அவர் என்னிடம்தான் கொடுக்கச் சொன்னார்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மாதம்மாள், இடது பெருவிரல் ரேகை.