ஐந்தாவது கொடிக்கும் ஆறாவதுக்கும் நடுவே

மாலை ஐந்தே கால். இந்த வடதேசத்து நவம்பர் மாதம், அதனால் இருட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோல்மோசன் சதுப்பை ஒட்டிப் போகும் மண் சாலை. மரம் ஏற்றும் லாரிகள் பகலிலேயே போய்விடும். அதற்கப்புறம் அங்கே ஒரு ஈ காக்கை கிடையாது. அந்தச் சாலையைக் குறுக்கே தாண்டி, நெற்றி விளக்கோடு ஒரு பெண் காட்டுக்குள் ஓடினாள்...

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அடுப்பில் கட்டை போடாதே. வெடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

இது எனக்கு நடந்ததில்லை. என் நண்பன் ஸ்டெல்லானின் தங்கை ரக்னாவுக்கு நடந்தது. அவன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மறுபடி கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டான்.

ரக்னாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி ஒரு வருடம் எட்டு மாதம். வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, இருட்டில் காட்டுக்குள் நட்ட கொடிகளை வரிசையாகத் தேடி ஓடும் போட்டி அது. வசந்தகால அஞ்சலோட்டத்துக்கு அவர்கள் குழுவில் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சம் ஓர் இடம். அதற்கு ரக்னாவும் தில்டா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணும் போட்டி. திங்கள் முதல் ஞாயிறு வரை காட்டுக் குடிலில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் யார் முந்துகிறாரோ அவருக்கு இடம். ரக்னா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

திங்கட்கிழமை நன்றாகத்தான் ஓடினாள். பன்னிரண்டு கொடியையும் தப்பாமல் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கொடிப் பெட்டியிலும் விரலில் கட்டிய சிப்பைச் செருகி, ‘பீப்’ சத்தம் கேட்ட பிறகுதான் நகர்ந்தாள். குடிலுக்கு வந்ததும் நேரச் சீட்டு அச்சாகி வந்தது. ஐந்தாவது கொடிக்கும் ஆறாவதுக்கும் நடுவே பதினான்கு நிமிடம்.

நானூறு மீட்டர். மூன்று நிமிட ஓட்டம்.

பயிற்சியாளர் யேஸ்டா சீட்டை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “என்னம்மா, நடுவுல உக்காந்து காப்பி குடிச்சியா?”

“நான் எங்கயும் நிக்கல யேஸ்டா. நேரா ஓடினேன்.”

“அப்ப மிஷின் பொய் சொல்லுதா?”

“தில்டாவுக்கு எவ்வளவு?”

“மூணு நிமிஷம் பத்து செகண்டு.”

ரக்னா ஈரக் காலுறையைப் பிழிந்து கயிற்றில் போட்டாள். இழுத்த இழுப்பில் கயிறு அறுந்தது.

செவ்வாய். ஐந்தாவது கொடியிலிருந்து அடிகளை எண்ணிக்கொண்டே ஓடினாள். வலது கால் படும்போதெல்லாம் ஓர் எண். நூற்று அறுபத்திரண்டில் ஆறாவது கொடி. ஒன்றுகூடப் பிசகவில்லை. சீட்டில் பதினாறு நிமிடம். கொப்புளம் உடைந்து குதிகாலில் ரத்தம். அதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. கணக்கு சரி, திசைகாட்டி சரி, கால் சரி. பிறகு நேரம் எங்கே போகிறது? போர்வைக்குள் முகத்தை வைத்துக் கத்தினாளாம்... மறு அறையில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

புதன்கிழமை ஸ்டெல்லானுக்குப் போன் செய்தாள். அவன் வேலை முடிந்ததும் காரில் வந்து, தன் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கழற்றி அவள் மணிக்கட்டில் கட்டினான். அன்றைக்கு ஓடி வந்தபின் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். சிவப்புக் கோடு ஐந்தாவது கொடியிலிருந்து கிளம்பி, சதுப்பின் ஓரமாக நேராக வந்து, ஓரிடத்தில் புள்ளியாக நின்றது. பன்னிரண்டு நிமிடம் அதே புள்ளி. பிறகு மறுபடி ஓடியது.

யேஸ்டா சிரித்தார். “நின்னுட்டே தூங்கற ஆளை இப்பதான் பாக்கறேன். குதிரைதான் அப்படித் தூங்கும்.”

“ஒரு வார்த்தை பேசாதீங்க. இப்ப ஒரு வார்த்தை பேசாதீங்க.”

வியாழன் காலை, வெளிச்சம் இருக்கும்போது, ஸ்டெல்லான் தனியாக அந்த இடத்துக்குப் போனான். இந்தப் பக்கத்துக் காடுகளில் பழைய இரும்புச் சுரங்கக் குழிகள் நிறைய உண்டு, உங்களுக்குத் தெரியும். சுற்றிலும் கம்பி வேலி இருக்கும், வரைபடத்தில் கறுப்பாகக் குறித்திருக்கும். அங்கே அப்படி எதுவும் இல்லை. பாசி... தட்டையான ஒரு பாறை... ஆள் உயரத்துக்கு நாலைந்து ஊசியிலை மரக்கன்றுகள். அவ்வளவுதான். ஆனால் ஒரு வாடை அடித்தது என்றான். பூட்டியே கிடந்த நிலவறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, ஈரமும் துருவும் கலந்து... அந்த வாடை. பிறகு ஒரு சத்தம். சொட்... சொட்... மழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தது. சத்தம் மரத்திலிருந்து வரவில்லை.

அன்று மத்தியானம் பட்டாணி சூப் சாப்பிடும்போது தில்டாதான் ஒரு யோசனை சொன்னாள்.

“ரக்னா, இன்னிக்கு நான் ஆறாவது கொடிகிட்ட போய் நிக்கறேன். நீங்க சத்தமா எண்ணிக்கிட்டே வாங்க. எங்க நிக்கறீங்கன்னு பாத்துடலாம்.”

“உனக்கு எதுக்கு இது? நான் தோத்தா உனக்குத்தானே லாபம்?”

“இப்படி ஜெயிச்சு நான் என்ன பண்ண?” என்றாள் அந்தப் பெண்.

மாலை ஐந்தரை. தில்டா ஆறாவது கொடிக்குப் பக்கத்தில், தன் விளக்கை அணைத்துவிட்டு நின்றாள். தூரத்தில் ரக்னாவின் குரல் கேட்டது. தொண்ணூற்று ஆறு... தொண்ணூற்று ஏழு... மரங்களுக்கு நடுவே வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. சுள்ளி முறியும் சத்தம்கூடக் கேட்டது.

“நூத்திப் பன்னெண்டு... நூத்திப் பதிமூணு... நூத்திப் பதினா—”

அவ்வளவுதான். குரல் இல்லை. வெளிச்சம் இல்லை. காலடி இல்லை.

தில்டா ஒரு நிமிடம் பார்த்தாள். கூப்பிட்டாள். பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே நடந்தாள். அந்தப் பாறை வரைக்கும் போனாள். சுற்றிலும் வெளிச்சம் அடித்தாள். ஆள் இல்லை. விழுந்து கிடக்கவும் இல்லை. பாசியில் ஷூவின் ஆணித் தடம் பாறை வரைக்கும் வந்திருந்தது... அதற்கு அந்தப் பக்கம் இல்லை.  திரும்பி ஆறாவது கொடிக்கே ஓடி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள்... நின்றாள்...

“—லு. நூத்திப் பதினஞ்சு... நூத்திப் பதினாறு...”

வெளிச்சம் வந்தது. ரக்னா மூச்சிரைக்க ஓடி வந்து சிப்பைச் செருகினாள். பீப்.

“பாத்தியா தில்டா? எங்கயாவது நின்னேனா? நீயே சொல்லு!”

தில்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

குடிலில் அன்று பெரிய ரகளை. தில்டா நடந்ததை அழுதுகொண்டே சொன்னாள். யேஸ்டாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “முப்பது வருஷமா இந்தக் காட்டுல கொடி நடறேன். ஒருத்தி நின்னுட்டே தூங்கறா, இன்னொருத்தி கனவு காண்றா. உங்களுக்காக நான் பாதையை மாத்தணுமா?”

ரக்னா தில்டாவின் மேல்தான் பாய்ந்தாள். “நான் இல்லாமப் போயிட்டேனா? நான் எண்ணிட்டு இருந்தேன்! ஒரு எண்ணு விடாம எண்ணினேன்! முட்டி வலிக்குதுன்னு சொல்லியிருந்தா எல்லாரும் ஐயோ பாவம்னு இருப்பீங்க. வலிக்கல. அதான் பிரச்சினை!”

வெள்ளிக்கிழமை மறுபடி ஓடினாள். இருபத்திரண்டு நிமிடம். அன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை ஓய்வு. ஸ்டெல்லான் போன் செய்தான். “விட்டுட்டு வீட்டுக்கு வந்துடு ரக்னா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“ஒரு வருஷம் எட்டு மாசம் ஸ்டெல்லான். மாடிப்படி ஏறவே நான் மூணு மாசம் பழகினேன். இந்த நானூறு மீட்டருக்காக விடச் சொல்றியா?”

“அங்க ஏதோ இருக்கு.”

“இருந்தா இருக்கட்டும். எனக்கு என்ன வேணும்னு அதுகிட்டயே சொல்லிட்டுப் போறேன்.”

கோபத்தில் சொன்ன சொல். அப்படித்தான் அவன் அப்போது நினைத்தான்.

ஞாயிறு மாலை. ஐந்தாவது கொடியை அடைந்தபோது அவள் தில்டாவுக்குப் பத்து விநாடி பின்னால் இருந்தாள். ஆறாவதில் முன்னால் இருந்தாள். அந்த நானூறு மீட்டரை இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு விநாடியில் கடந்திருந்தாள். அந்த வாரத்தில் வேறு யாரும் அங்கே அவ்வளவு வேகமாக ஓடவில்லை. கடைசியில் ஆறு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தாள். யேஸ்டா கட்டிப் பிடித்துக்கொண்டார். தில்டாவும் கை கொடுத்தாள். கொடுத்த கையை உடனே இழுத்துக்கொண்டாள். ஏன் என்று ஸ்டெல்லான் பிறகு கேட்டதற்கு, “அவ்வளவு தூரம் ஓடி வந்த கை... பனிக்கட்டியா இருந்துச்சு” என்றாள்.

அதற்குப் பிறகு ரக்னாவுக்கு முழங்கால் வலிக்கவே இல்லை. கோபமும் வருவதில்லை. பிள்ளைகள் தரையில் பாலைக் கொட்டினால்கூட வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், ஸ்டெல்லான் அவள் வீட்டுக்குப் போய், புதன்கிழமையிலிருந்து அவளிடமே இருந்த கடிகாரத்தைத் திருப்பி வாங்கினான். சமையலறை மேசையிலேயே கணினியைத் திறந்து, அந்த வாரத்து ஓட்டங்களை மறுபடி பார்த்தான். முதலில் இடத்தைக் காட்டும் கோட்டை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். அதற்குக் கீழே, உயரத்தைக் காட்டும் இன்னொரு கோடு உண்டு. அதை யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை, புள்ளியாக நின்ற அந்த இடத்தில், உயரம் பன்னிரண்டு மீட்டர் இறங்கியிருந்தது. படிப்படியாக... யாரோ நிதானமாக நடந்து இறங்குவதுபோல. பிறகு ஏறியிருந்தது. வியாழன், முப்பத்தொரு மீட்டர். இறக்கம், ஏற்றம். வெள்ளி, ஐம்பத்தெட்டு. இறக்கம், ஏற்றம்.

ஞாயிறு, தொண்ணூறு மீட்டர். இறக்கம் மட்டும்தான். ஆறாவது கொடி, ஏழாவது, எட்டாவது, முடிவுக் கோடு... எல்லாமே தொண்ணூறு மீட்டர் கீழே.

கருவி கெட்டுவிட்டது என்று ஸ்டெல்லான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கடிகாரத்தைத் தன் கையில் கட்டிப் பார்த்தான். நூற்று எண்பது மீட்டர். அந்த வீடு இருக்கும் உயரம் அதுதான், மிகச் சரி.

“இங்க வா, ஒரு நிமிஷம் கையைக் காட்டு” என்றான்.

ரக்னா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினாள். கட்டினான். எண் ஒரு கணம் நின்றது. பிறகு... நூற்று எழுபது... நூற்று நாற்பது... நூற்றுப் பத்து... தொண்ணூறில் வந்து நின்றது.

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பொறுமையாக வாரைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“கெட்டுப் போகல ஸ்டெல்லான்” என்றாள். “சரியாத்தான் காட்டுது.”