குன்வோர் அடித்துப் போட்ட வாழ்த்துரை

ஸ்டைனார்: ...ஐயோ, அந்த வரியையுமா அடிச்சீங்க?

குன்வோர்: 'ஒரு வழக்கிலும் தோற்காத நம் சட்ட ஆலோசகர்.' பதினொண்ணு தோத்திருக்கேன்பா.

ஸ்டைனார்: குன்வோர், இது உங்களை வழியனுப்பற விழா. இருபத்திரெண்டு வருஷம் இந்த நகராட்சிக்கு உழைச்சீங்கன்னு நாலு வார்த்தை புகழப் போறேன். கோர்ட்டுல தாக்கல் பண்ணப் போறதில்ல.

குன்வோர்: நகராட்சித் தலைவர் மேடையில எது பேசினாலும் மொதல்ல நான் பாத்துக் கையெழுத்துப் போடணும்னு விதி போட்டது யாரு?

ஸ்டைனார்: நான்தான். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

குன்வோர்: அடுத்தது. 'இரவு பகல் பாராமல் உழைத்தவர்.' நாலு மணிக்கு மேல இந்தக் கட்டடத்துல என்னை என்னிக்காவது பாத்திருக்கியா? பனி இருந்தா சறுக்கப் போயிடுவேன், இல்லேன்னா காட்டுல பழம் பொறுக்க.

ஸ்டைனார்: அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா!

குன்வோர்: 'தன்னலம் கருதாதவர்.' மாசாமாசம் சம்பளம் வாங்கினேனே?

ஸ்டைனார்: அம்மா தாயே... கீழ நாப்பது பேர் காத்திருக்காங்க. கேக்குல க்ரீம் வழியுது. கையெழுத்தப் போட்டுக் குடுங்க, புண்ணியமாப் போகும்!

குன்வோர்: 'ஊர் மக்கள் அனைவர் சார்பிலும் நன்றி.' ஹூம்... ஊர் மக்கள்! நேத்து மீன் கடையில ஒருத்தி, கையில குழந்தை, மூஞ்சிக்கு நேரா கேட்டா. 'உங்க யோசனையக் கேட்டுத்தானே நீச்சல் குளத்தையே மூடினாங்க? எங்க பிள்ளைங்க இனிமே ஐஸ் தண்ணியிலயா நீச்சல் கத்துக்கணும்?'

ஸ்டைனார்: யாரு அது?

குன்வோர்: யாரா இருந்தா என்ன? மூணு வருஷமா ஊரே சொல்லுது. பரிசா வாங்கி வெச்சிருக்கற ஓவியத்தையும் பாத்துட்டேன். படகுத்துறை! எனக்குக் குடுக்க அந்தப் படத்தத் தேர்ந்தெடுத்த புத்திசாலி யாரு?

ஸ்டைனார்: அது... விழாக் கமிட்டி. நான் ஊர்ல இல்ல. அந்தப் படகுத்துறை விஷயம் இன்னிக்கு வேணாமே...

குன்வோர்: உன் பேச்சுலயும் வேணாம்னுதான் விட்டுட்டியா? நாலு பக்கம், ஒரு வரி இல்ல! அதான் எனக்கு வயிறு எரியுது. 'அந்தத் தனியார் கம்பெனிக்குப் படகுத்துறையக் குடுக்காதே, கோர்ட்டுல நிக்காது'ன்னு ஆறு பக்கம் எழுதிக் குடுத்தேன். நீ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட. வழக்குல தோத்தோம், நஷ்டஈடு கட்டினதுல காசில்லாம குளத்த மூடினோம். பத்திரிகைக்காரன் கேட்டப்ப என்ன சொன்ன?

ஸ்டைனார்: 'சட்ட ஆலோசனை பெற்றே செய்தோம்'னு... பொய் இல்லியே?

குன்வோர்: பெற்ற! என்ன ஆலோசனைன்னு சொல்லல. என் ஆறு பக்கத்து மேல 'ரகசியம்'னு முத்திரை குத்திட்ட. அத நான் வெளிய சொன்னா தொழில் துரோகம். சொல்ற உரிமை உனக்கு மட்டும்தான்.

ஸ்டைனார்: குன்வோர்...

குன்வோர்: உனக்கென்ன! நான் சாகற வரைக்கும் இதே கடையிலதான் மீன் வாங்கணும். அந்தக் கெட்ட பேரோடயே வாங்கணும்.

ஸ்டைனார்: கையெழுத்து மட்டும் போட்டுடுங்களேன்...

குன்வோர்: இவ்வளவு சொல்றேன், கையெழுத்து கையெழுத்துன்னே நிக்கறியே, மனுஷனா நீ? அது என்ன, கோட்டுப் பையில கைய விட்டுக்கிட்டே இருக்க?

ஸ்டைனார்: ஒண்ணுமில்ல.

குன்வோர்: குடு.

ஸ்டைனார்: மாட்டேன்... விடுங்க, கிழிஞ்சிடும்!

குன்வோர்: இது... என்னோட ஆறு பக்கம். 'ரகசியம்'ங்கறதக் கோடு போட்டு அடிச்சிருக்க, ஓரத்துல உன் கையெழுத்து... இன்னிக்குத் தேதி.

ஸ்டைனார்: அதான் பேச்சு. 'இவங்க வேணாம்னாங்க, நான் கேக்கல, பழிய இவங்க தலையில போட்டேன்'னு சொல்லிட்டு அதப் படிக்கப் போறேன். நீங்க அடிச்சுக்கிட்டிருந்தது சும்மா உங்க கையெழுத்துக்காக எழுதினது. இத மொதல்லயே காட்டியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

குன்வோர்: 'பேசாதே'ன்னிருப்பேன். செப்டம்பர்ல தேர்தல். தானா வாயக் குடுத்து மாட்டிக்கோன்னு எந்த வக்கீல் சொல்லுவா?

ஸ்டைனார்: தெரியும். அதான் மறைச்சேன். தோத்தா தோத்துட்டுப் போறேன். மூணு வருஷமா எனக்கும் தூக்கம் இல்ல... அழாதீங்க. இப்ப என்ன சொல்றீங்க?

குன்வோர்: மணி என்ன?

ஸ்டைனார்: மூணு ஆக இன்னும் ஏழு நிமிஷம்.

குன்வோர்: மூணு மணியோட என் வேலை முடியுது, அது வரைக்கும்தான் நான் உன் சட்ட ஆலோசகர். என் ஆலோசனை, இதப் பேசாதே. எழுதிக்கோ... எழுதிட்டியா? சரி. கீழ போய் ஏழு நிமிஷம் காப்பி குடி. அப்புறம் மேடையேறு.