தோள் திரும்பும் பக்கம்

நாயோடு ஓட ஆரம்பித்ததில் எனக்கு முதலில் குறைந்தது தொப்பை. மற்ற நன்மைகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவன். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை. நாயை வாங்கியது தங்கை கணவர். வாங்கியதோடு சரி. குட்டியிலேயே காலைப் பரப்பிக்கொண்டு தூங்கியதால் தங்கை அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். சாப்பாடு போட்டது, குளிப்பாட்டியது, அள்ளிப் போட்டது எல்லாம் நான். ஞாயிறுதோறும் தடையோட்டப் பயிற்சிக்குக் கூட்டிப் போனதும் நான்தான். நாய் கம்பத்தைத் தாண்ட வேண்டும், குழாய்க்குள் புகுந்து வர வேண்டும், நட்டுவைத்த குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட வேண்டும். கூடவே ஓடி நாம் வழிகாட்ட வேண்டும்.

முதல் நாள் நான் கத்திய கத்தலுக்குத் துரை உட்கார்ந்து கொட்டாவி விட்டது. பயிற்சிக்கார அம்மா பக்கத்தில் வந்தார்.

"சார், வாயை மூடுங்க. அது உங்க வாயைப் பாக்கல, தோளைப் பாக்குது. தோள் எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் போகும்."

என் தோளை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கடை முதலாளி என் தலைக்கு மேலே பார்த்துப் பேசுவார். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துப் பேசுவார். இங்கே ஓர் உயிர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்தில் எனக்குப் பொறுமை வந்தது, பசி வந்தது, முதலாளியிடம் லீவு கேட்கிற தைரியம்கூட வந்தது. சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இறுதிப் போட்டிக்குத் தேர்வானோம், செய்தித்தாளில் படம் வந்தது. அன்று மாலை மாப்பிள்ளை டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"மச்சான், ஃபைனல்ல நான் ஓடறேன். நாய் என் பேர்லதானே பதிஞ்சிருக்கு. நீங்க பாவம், ரெண்டு வருஷம் ஓடிட்டீங்க, ரெஸ்ட் எடுங்க."

"அதுக்கு உங்களைப் பழக்கமில்லையே மாப்பிள்ளை."

"நாய்தானே. பிஸ்கட்டைக் காட்டினா வரும்."

தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் கோபப்படவில்லை. அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்வதைத் தவிர மாப்பிள்ளைக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது. எங்கள் வீட்டில் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மாடிப்படியின் மேல்படி. தினமும் அவர் அங்கேதான் கீழே பார்த்தபடி, காலை அகட்டிக்கொண்டு நின்று பேசுவார். இரண்டு பாதங்களுக்கும் நடுவே நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் பிசகினால் தலைவலி வரும் தொழிலில் இருக்கிறேன், கண்ணாலேயே அளந்துவிடுவேன்.

போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது. அவர்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, என் விடுமுறை நாள்களில், மாப்பிள்ளையின் பழைய பேன்ட்டுக்குள் இரண்டு துடைப்பக் கட்டைகளைச் செருகி மேல்படியில் நிறுத்தினேன். வாசனைக்காகக் கீழே அவருடைய செருப்பு. துரை பின்னாலிருந்து பாய்ந்து வந்து, நடுவே நுழைந்து, இடது காலை இழுத்துச் சுற்றித் திரும்ப வேண்டும். குச்சிகளுக்கு நடுவே ஓடிப் பழகிய நாய்க்கு இது பெரிய வித்தை அல்ல. முதல் நாள் பத்துக்கு நான்கு முறை பேன்ட் உருண்டது. ஆறாவது வாரம் பத்துக்குப் பத்து. அந்த நாள்களில் என் ரத்த அழுத்தம் குறைந்திருந்தது. என்ன செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நாயோடு விளையாடுகிறேன் என்றேன்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை, ஃபைனலில் ஓடப்போவதை மாப்பிள்ளை போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் என் அறை வாசலில் நின்று தோளைத் திருப்பினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பதினேழு படிகள்.

சத்தம் கேட்டுத் தங்கை சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். கீழே கணவர் கிடந்தார். மேலே நான் துரைக்கு ஈரல் துண்டு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, என்ன பண்றே?"

"ரெண்டு செகண்டுக்குள்ள குடுத்துடணும்மா. லேட்டானா எதுக்குக் குடுக்கறோம்னு அதுக்குப் புரியாது."

பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், மேல்படியில் நின்றுதான். இதையெல்லாம் தங்கை உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து என்னிடமும் பேசுவதில்லை. பாவம், களைப்பாக இருக்கும்.

நேற்று அவள் மேஜையில் உங்கள் அறிக்கையைப் பார்த்தேன். விபத்து என்று முடித்திருந்தீர்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் கடையில் இருப்பேன். ஆனால் அதில் ஒரு வரி: 'பயிற்சியற்ற வளர்ப்பு நாய் கட்டுப்பாடின்றி ஓடிக் காலில் இடித்ததால்.' படித்ததிலிருந்து மனசாட்சி உறுத்துகிறது ஐயா. உண்மையை மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

அந்த வரியை அடித்துவிட்டு நான் சொல்கிறபடி எழுதுங்கள். நாய் முழுப் பயிற்சி பெற்றது. காட்டிய திசையில், காட்டிய நொடியில், ஒரு தப்பும் இல்லாமல் ஓடியது. தங்கை கணவரைக் கொன்றது நான். எழுதிவிட்டீர்களா? அப்படியே, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் என்னை வெளியே விடுவார்களா என்று உங்கள் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஃபைனல் அன்றைக்குத்தான்.